கழனி நகர், மூன்றாம் குறுக்குத் தெரு

1

என் தம்பி தணிகாசலம் இறந்த பிற்பகலில், அவன் மனைவி அஞ்சலையின் கைப்பேசித் திரையில் அவசர ஊர்தி அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. வாசலில் வண்டி இல்லை. தெருவில் ஒரு நாய் படுத்திருந்ததாகவும், தான் திரையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்ததாகவும் அவள் பின்னர் என்னிடம் கூறினாள். மருத்துவமனையிலிருந்து அனுப்பிய இணைப்பைத் தொட்டால் வண்டி நகர்வது தெரியும். அது நகர்ந்து, நெருங்கி, நின்றுவிட்டது. 'வந்துவிட்டது' என்று கீழே எழுத்து வந்தது. அதைப் படித்துவிட்டு உள்ளே ஓடி, வண்டி வாசலில் நிற்பதாகவும் இன்னும் சற்றே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும்படியும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த கணவனிடம் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டார் தம் ஆட்டோவை எடுப்பதாகச் சொன்னபோதும் அவள்தான் தடுத்திருக்கிறாள். ஊர்தியில் உயிர்க்காற்று இருக்கும், ஊசி போட ஆள் இருக்கும். ஆட்டோவில் என்ன இருக்கும் என்பது அவள் எண்ணம். அவ்வெண்ணத்தில் பிழை காண எவராலும் இயலாது. இறுதியில் ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். விழுப்புரம் சாலையில் ஆட்டோ நகரத்தை நோக்கி விரைய, எதிர்ப்புறம் அவசர ஊர்தி ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. தன் கணவனுக்காக வரும் வண்டி அதுதான் என்று அஞ்சலை அறிந்தாள். கையை வெளியே நீட்டிக் கத்தினாள். இரண்டுக்கும் இடையில் சாலையின் நடுத்தடுப்பு இருந்தது.

மருத்துவமனை சேரும்முன்பே உயிர் பிரிந்துவிட்டதென்று சொல்லிவிட்டார்கள்.

சென்ற மாதம் அவனுக்கு முதல் தெவசம். பாரிசுக்கு வடக்கேயுள்ள இந்நகரிலிருந்து போய் வந்தேன். அங்கே அஞ்சலை என்னிடம் சொன்ன ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே ரொட்டி வாங்கவும் பேருந்துக்கு நிற்கவும் முடியவில்லை. எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

2

நான் புலவர் பட்டம் பெற்றவன். பிரெஞ்சுக் குடியுரிமையுடைய குடும்பத்தில் பெண்ணெடுத்து இங்கு வந்தபோது, யாப்பும் அணியும் சோறு போடா என்பது முதல் குளிர்காலத்திலேயே விளங்கிவிட்டது. அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை பிறருடைய முகவரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்நாட்டில் முகவரி என்பது பிசகாத ஒழுங்கு. தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறுபக்கம் இரட்டைப்படை. இரு வீடுகளுக்கு இடையில் புதிதாக ஒரு வீடு எழுந்தால், முந்திய எண்ணோடு 'பிஸ்' என்று சேர்த்துவிடுவார்கள். மறுமுறை என்பது அதன் பொருள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவே பன்னிரண்டு பிஸ். எண் தெரிந்தால் வீடு தெரிந்ததாகும். கண்ணை மூடிக்கொண்டும் கடிதத்தைச் சேர்க்கலாம்.

தம்பியின் தெருவில் எட்டாம் எண்ணுக்கு அடுத்த வீடு முப்பத்தொன்று. வீடு கட்டி வரி செலுத்தியவர்கள் வந்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். மனை எண் வேறு, பழைய எண் வேறு. ஆயினும் அங்கே எவரும் வழி தவறியதில்லை. விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி, அரிசி ஆலைக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியருகே, சேதராப்பட்டு ஆலைக்குப் போகிறாரே தணிகாசலம், அவர் வீடு என்று கேட்டால் சிறு பிள்ளையும் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த முகவரியில் மனிதர் இருந்தார்கள். வழி கேட்கத் தேவையில்லாத காலம் வந்ததும் அந்த முகவரி பயனற்றுப் போயிற்று.

வயல்களை மேடாக்கி மனை பிரித்தவர், அவ்விடத்துக்குக் கழனி நகர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை ஒருவரும் அப்பெயரால் அழைத்ததில்லை. அவ்வட்டாரத்து நாவில் ழகரம் யகரமாகக் குழையும். ஆதலால் கயனி நகர். கிரயப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் 'எல்' இட்டு எழுதியிருக்கிறார்கள். மின்கட்டண அட்டையில் 'இசட் எச்'. ஒரே நகர், ஆளுக்கோர் எழுத்து.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதன்று. தந்தையார் பெயர் ஏழுமலை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவில் ழகரத்துக்கு 'ஜே' போட்டு எழுதினார்கள். இங்குள்ள என் ஆவணங்களிலெல்லாம் நான் எஜுமலேயின் மகன். தம்பியோ புதுச்சேரிப் பள்ளியில் சேர்க்கப்பட்டபோது ஏலுமலையின் மகனானான். தம்பி இறந்த மறுநாள், இந்நாட்டுக் குடிமகனாகிவிட்ட நான் இந்தியாவுக்கு அவசர விசா கேட்டு, விண்ணப்பங்களை வாங்கும் அலுவலகத்தில் நின்றேன். முகப்பில் இருந்த பெண் மிகப் பணிவானவள். இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இறந்தவரின் தந்தையும் உங்கள் தந்தையும் ஒருவர்தாம் என்பதற்குச் சான்று வேண்டும் என்றாள். இரண்டும் ஒரே எழுத்து என்றேன். அவள் கண்ணுக்கு அவை ஒரே எழுத்தாக இல்லை. அதில் அவளைக் குறை கூற இடமில்லை. சான்றைத் தேடிப் பெற்று, முத்திரையிட்டுக் கொடுத்து, புறப்படுவதற்குள் அங்கே தகனம் முடிந்துவிட்டது. நான் கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

3

கருமாதி வீட்டில் பந்தி முடிந்து உறவினர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஏன் வழி தவறிற்று என்பதே பேச்சு. உழவர்கரையின் மறுகோடியில், வேறொரு குடியிருப்பின் மூன்றாம் குறுக்குத் தெருவில் போய் அது நின்றிருந்தது. தொலைபேசியில் முகவரி சொன்னவள் அஞ்சலை. பெரியப்பா மகன் ஒருவர், எவ்விடத்திலும் நகைச்சுவை பேசியே பழகியவர், வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"அஞ்சலைக்கு வாழப்பழம்னாலே வாயப்பயம்தான். கயனி நகருன்னு சொன்னா எந்த ஊர்ல போய்த் தேடுவான் அவன்? மாட்டுக்குக் கயனித் தண்ணி வைக்கிற எடம்னு நெனச்சிருப்பான்."

இரண்டொருவர் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிப்பு வருவது இயல்பு; அதைத் தவறென்று நான் சொல்லேன். சிரிக்காதவன் கதிர். தணிகாசலத்துக்கு அவன் ஒரே மகன். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சுவரில் சாய்ந்து நின்றவன் தாயைப் பார்த்துச் சொன்னான்:

"ஒரு எழுத்தும்மா. ஒரே ஒரு எழுத்த உன்னால ஒயுங்கா சொல்ல முடியல."

ஒழுங்கு என்பதை அவனும் ஒயுங்கு என்றுதான் சொன்னான். அதை அங்கிருந்த ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அஞ்சலை கவனிக்கும் நிலையில் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பதுபோல் அசைத்தாள்.

அன்று தொடங்கியது. கதிர் மாதந்தோறும் பணம் அனுப்பினான். தாயோடு தேவைக்கு மிஞ்சி ஒரு சொல் பேசவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேலையைக் காரணம் காட்டினான். அஞ்சலையோ தன் நாவே கணவனைக் கொன்றதென்று முடிவுசெய்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் இங்கிருந்து அவளுக்கு அழைப்பேன். இங்கே சாளரத்துக்கு வெளியே மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும்; அங்கே பிரஷர் குக்கரின் ஓசை கேட்கும். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, உடல்நலம் விசாரித்து முடித்தபின் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"மாமா, நீங்க தமிழ் படிச்சவரு. அந்த எழுத்துக்கு நாக்க எங்க வைக்கணும்?"

எதற்கம்மா என்று நான் கேட்கவில்லை. நாவின் நுனியை மேல்நோக்கி மடிக்க வேண்டும், அண்ணத்தை அழுத்தக் கூடாது, உரசியும் உரசாமலும் காற்றை விட வேண்டும் என்றேன். அவள் முயன்றாள். கயனி. களனி. கள்யனி. மறுமுனையில் அந்த நா வளைந்து வளைந்து தவிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் முயன்றாள்; அதற்கடுத்த ஞாயிறும். போதும் அம்மா, இதனால் ஆவது என்ன என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கதிர் தெவசத்துக்கு வருவான், அதற்குள் சொல்லப் பழகிவிட வேண்டும் என்றாள்.

4

என் மகளுக்கு நிலவழகி என்று பெயரிட்டேன். பள்ளியில் ஆசிரியர்களால் சொல்ல முடியாமல் நிலா ஆனாள். பின்னர் தானே தன்னை நிலா என்று சொல்லிக்கொண்டாள். முழுப் பெயரைச் சொல்லச் சொன்னால் இப்போது நிலவலகி என்கிறாள். அவளிடம் வருத்தம் இல்லை. வருத்தம் எனக்குத்தான், அதையும் ஆண்டுக்கொருமுறை அவள் பிறந்த நாளில் மட்டும் வெளிப்படுத்துவது என்று குறைத்துக்கொண்டேன்.

அவள் வேலை முகவரிகளோடுதான். பொதிகளைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் ஒன்றுக்காக, மக்கள் கண்டபடி எழுதும் முகவரியைக் கணினி எவ்வாறு நிலப்படத்தில் ஒரு புள்ளியாக மாற்றுகிறது என்று சோதிக்கிறாள். தந்தை கையால் பிரித்ததை மகள் கணினியால் பிரிக்கிறாள் என்று என் மனைவி உறவினரிடம் சொல்வதுண்டு. ஒருநாள் மதிய உணவுக்கு வந்தவளிடம் அஞ்சலையின் ழகரப் பயிற்சியைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிரெஞ்சில் மறுபடி சொன்னேன். உண்பதை நிறுத்திவிட்டுக் கணினியை எடுத்துவந்தாள்.

அந்த ஊர்தியின் ஓட்டுநர் பார்த்த நிலப்படச் செயலியிலேயே கழனி நகர், மூன்றாம் குறுக்குத் தெரு என்று தேடினாள். 'எல்' போட்டாள். உழவர்கரையின் மறுகோடியில் சிவப்புப் புள்ளி விழுந்தது. 'இசட் எச்' போட்டாள், அதே புள்ளி. நம் பழைய வழக்கப்படி 'ஜே'. அதே புள்ளி. அஞ்சலை சொல்வதுபோலவே 'ஒய்'. அதே புள்ளி. இறுதியில் என்னைத் தட்டச்சிடச் சொன்னாள். தமிழில், ழகரத்தோடு, ஒற்றுப் பிழையுமின்றி இட்டேன். புள்ளி அசையவில்லை.

"அப்பா, மெஷினுக்குக் கலனின்னா என்னன்னு தெரியாது. யாரோ காலனிய தப்பா எழுதிட்டாங்கன்னு நினைக்குது. காலனி எல்லா ஊர்லயும் இருக்கு. அதனால அந்த வார்த்தைய எடுத்துப் போட்டுடுது. வொலா, அவ்ளோதான்."

கழனியை எடுத்தெறிந்தபின் மிஞ்சுவது ஒரு நகர், அதில் மூன்றாம் குறுக்குத் தெரு. புதுச்சேரியில் நகர்களுக்கும் குறுக்குத் தெருக்களுக்கும் பஞ்சமா? அவற்றுள் ஒன்றைச் செயலி எடுத்துக்கொள்கிறது. வீட்டெண்கள் வரிசையாக இருக்கும் என்று கருதி, தெருவின் நீளத்தை அளந்து, எண்ணுக்கேற்ற தொலைவில் புள்ளியை வைத்துவிடுகிறது. அங்கே எந்த வீடு இருக்கிறது, வீடு இருக்கிறதா என்பதுகூட அதற்குத் தெரியாது.

தெரியாததைத் தெரியாதென்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன விடை இன்றும் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. தன் விடையில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதைச் செயலி உள்ளே கணக்கிட்டு வைத்திருக்குமாம். இம்முகவரிக்கு அவ்வுறுதி மிகத் தாழ்வாகவே இருந்திருக்கும் என்றாள். ஆனால் அதை ஓட்டுநருக்குக் காட்டுவதில்லை. அவர் காண்பது புள்ளியை மட்டும். உறுதியான புள்ளிக்கும் ஐயமான புள்ளிக்கும் நிறம் ஒன்றே.

பிழையைத் திருத்தும்படி அப்போதே செயலிக்கு எழுதினாள். சரிபார்க்க இயலவில்லை என்று விடை வந்தது. நானும் எழுதினேன், எனக்கும் அதுவே வந்தது. தொலைவிலிருந்து எழுதினால் நம்பமாட்டார்கள் என்றாள். பின், கணினியை மூடிவிட்டு, தன் தட்டைப் பார்த்தபடி, சித்தியிடம் சொல்லிவிட்டீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். நேரில் சொல்வதாகக் கூறினேன். அஞ்சலையின் நாவுக்கும் தணிகாசலத்தின் சாவுக்கும் தொடர்பில்லை என்பதைத் தாயும் மகனும் ஒன்றாயிருக்கும்போது சொல்லிவிட்டால், அவ்வீட்டில் ஒரு சுமையேனும் இறங்கும் என்று நம்பினேன்.

5

தெவசத்துக்கு முந்திய நாள், அந்தப் புள்ளி விழும் இடத்தைக் காணப் போனேன். பச்சை வண்ணமடித்த வீடு. மதிற்சுவரில் கரிய வண்ணத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'இது களனி நகர் இல்லை.' இலக்கணப்படி 'அன்று' என்றிருக்க வேண்டும், ழகரமும் ளகரமாயிருந்தது. திருத்தத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் ரஹீம் பாய், நகரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். நான் வாயைத் திறக்குமுன்பே கையை உயர்த்திவிட்டார்.

"அண்ணே, இது இல்லண்ணே. மெயின் ரோட்டுக்குப் போங்க, ரெட்டியார்பாளையம் தாண்டி..."

கழனி நகரில் இறந்துபோன தணிகாசலத்தின் அண்ணன் என்றேன். கை இறங்கிற்று. உள்ளே அழைத்து உட்காரவைத்தார். கழனி நகருக்குரிய பிரியாணிப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, வங்கியாள், மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் தங்கள் வாசலுக்கே வருவதாகவும், ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டதாகவும் சொன்னார். அவர் மனைவி கதவருகே நின்று, தேநீரும் கொடுத்துத்தான் அனுப்பினோம் என்றார். அதைச் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து உடனே அடங்கியது.

அவசர ஊர்தி வந்த நாளைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். வண்டி வந்து நின்றதும் தம் வீட்டில் யாருக்கோ என்று அனைவரும் நடுங்கிப் போனார்களாம். ஓட்டுநர் படுக்கையை இறக்கியே விட்டார். விவரம் தெரிந்ததும் தாம் தம் வண்டியில் முன்னே போய் வழி காட்டுவதாகச் சொன்னாராம். ஓட்டுநர் திரையைக் காட்டி, இடம் இதுதான் சார் என்றாராம், இரண்டு முறை. மூன்றாம் முறை இவர் சொன்னபோது, ஓட்டுநர் அஞ்சலையோடு தொலைபேசியில் பேசிப் பார்த்தபிறகுதான் புறப்பட்டிருக்கிறார்கள்.

"அவனத் திட்ட முடியலண்ணே. சின்னப் பையன், அழுவற மாரி இருந்தான். படத்துல இங்கதான காட்டுது, படத்துல இங்கதான காட்டுதுன்னு அதையே சொல்லிக்கினு இருந்தான்."

மறுவாரமே ஆளை வைத்துச் சுவரில் எழுதியிருக்கிறார். செயலிக்கும் திருத்தம் எழுதியிருக்கிறார். விடை நான் அறிந்ததே.

6

தெவசத்தன்று கதிர் சென்னையிலிருந்து காலையில் வந்தான். படையல் முடிந்தது. உறவினர் சாப்பிட்டுப் போனபின் நாங்கள் மூவரும் கடைசிப் பந்தியாக உட்கார்ந்தோம். தாயும் மகனும் என் இருபுறமும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் வேண்டியதை என் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

சாப்பாடு முடியும் தறுவாயில், மகள் கண்டுபிடித்ததைச் சொன்னேன். எளிமையாக, வரிசையாக, எதையும் கூட்டாமல் சொன்னேன். கதிர் நம்பவில்லை. இடக்கையால் கைப்பேசியை எடுத்து அந்தச் செயலியில் தானே இட்டுப் பார்த்தான். ஒவ்வோர் எழுத்தாக மாற்றினான். பிறகு தமிழில் இட்டான். பிறகு அவன் கணினிப் படிப்புக்குத் தோன்றிய வேறு வகைகளிலெல்லாம் இட்டான். நெடுநேரம் அதையே செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ரஹீம் பாய் வீட்டின் கூரை திரையில் வந்து நின்றது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "அம்மா" என்றான். சோற்றுக் கையைப் பார்த்தபடி இருந்தான், தோள்கள் குலுங்கின. அந்த நொடிக்காகவே நான் இவ்வளவு தொலைவு வந்திருந்தேன். அஞ்சலை அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியா சொல்லியிருந்தாலும் அந்த வண்டி வந்திருக்காதா மாமா?"

"வந்திருக்காதம்மா. யார் சொல்லியிருந்தாலும், எப்படிச் சொல்லியிருந்தாலும் வந்திருக்காது."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

"நான் மட்டும் ஒயுங்கா சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாருன்னு ஒரு வருசமா நெனச்சிக்கினு கெடந்தேன். அதுல அவரு பொழைக்க ஒரு வழி இருந்துச்சு மாமா. நீங்க இப்ப சொல்றதப் பாத்தா, அந்த மனுசனுக்கு ஒரு வழியுமே இல்லாமப் போயிருக்குது."

கதிர் மறுபடியும் அம்மா என்றான். அவள் கையை நீட்டி அவன் தலையை ஒருமுறை தடவினாள். மன்னித்ததாகவும் கொள்ளலாம், பேசாதே என்றதாகவும் கொள்ளலாம். பின் தன் இலையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் தப்பாவே இருந்துட்டுப் போவட்டும் மாமா" என்றாள்.